ஒரு கோர்ட், இரண்டு அணி: கம்பஸ் பாஸ்கட்போல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதி முடித்த பிள்ளைகளுக்குப் பெறுபேறு வரும்வரை நீளமான ஒரு சும்மாக் காலம் இருக்கிறது. அப்போதுதான் என்னிடம் கேள்விகள் வரும். நான் கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், நான்கு வருடம் பெண்கள் அணிக்கு விளையாடியவள். இப்போது ஊரில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். பிள்ளைகள் கோர்ட் ஓரத்தில் நின்று கேட்பார்கள், அம்மாமார் சந்தையில் மறித்துக் கேட்பார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, பாஸ்கட்போலும் நெற்போலும் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் குணம் வேறு. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் விளையாடுவதற்காக பீச் பழக்கூடைகளைத் தொங்கவிட்டு பாஸ்கட்போலைத் தொடங்கினார். அடுத்த வருடமே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குப் பழக்கினார். முழு மைதானமும் ஓடினால் பெண்களுக்கு ஆகாது என்று நினைத்த காலம் அது. அதனால் மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதிக்குள் நிற்க வைத்தார். அந்த ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய் நெற்போலாக வளர்ந்தது. நெற்போலில் உங்கள் எல்லையைத் தாண்டினால் விசில் ஊதுகிறார்களே, அதன் வேர் அங்கேதான்.

இரண்டிலும் வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். நெற்போலில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, ஏழு பேர். பாஸ்கட்போலில் பலகை உண்டு, தட்டி ஓடலாம், ஐந்து பேர், எல்லோரும் எங்கும் போகலாம். அமெரிக்கப் பெண்களுக்கே இந்த ஐவர், முழு மைதான விதி 1971இல்தான் வந்தது.

பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வளையத்தைக் கொஞ்சம் பதித்து வைப்பார்களாமே?

இல்லை. மைதானம் 28க்கு 15 மீற்றர், மூன்று புள்ளிக் கோடு 6.75 மீற்றர், பத்து நிமிடப்படி நான்கு கால்பகுதி, 24 செக்கனுக்குள் எறிய வேண்டும், ஐந்து பவுல் செய்தால் வெளியே. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இவை எல்லாம் ஒன்றே.

பந்து மட்டும் வேறு. ஆண்களுக்கு 7ஆம் இலக்கம்: சுற்றளவு ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர், நிறை 600 கிராம் அளவில். பெண்களுக்கு 6ஆம் இலக்கம்: ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர், 530 கிராம் அளவில். மகளுக்குப் பந்து வாங்கப் போகும் அப்பாமார் கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே வாங்கி வருகிறார்கள், அது எப்போதும் 7ஆகத்தான் இருக்கும். இலக்கம் பந்திலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இது அமெரிக்க விளையாட்டு. எங்கட பக்கத்துக்கு எப்படி வந்தது?

கிழக்கில் இதை ஊன்றியவர்களில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் முக்கியமானவர்கள். அவர்களில் ஒருவர் யூஜின் ஹேபர்ட் அடிகளார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி என்றால் பாஸ்கட்போல் என்று பெயர் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூடச் சென்ற சாரதியோடு காணாமல் போனார். இன்றுவரை தடயம் இல்லை. கிழக்கில் பாஸ்கட்போல் பேசும் வயதானவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் கதையை முடிக்க மாட்டார்கள்.

நான் கேட்டு வளர்ந்த அந்தக் கதைகளில் வருவதெல்லாம் ஆண்கள் பள்ளிகள்தான். பெண் பிள்ளைகள் கையில் இருந்தது நெற்போல். கம்பஸ் பெண்கள் அணிகளின் நிலையை விளங்கிக்கொள்ள இதை மனதில் வைத்திருங்கள்.

நான் ஸ்கூலில் பந்தைத் தொட்டதே இல்லை. கம்பஸ் போய்ச் சேரலாமா, சிரிப்பார்களா?

சேரலாம். முதல் வாரம் சிரிப்பார்கள்தான். ஆண்கள் பக்கம் பள்ளியில் ஆடிப் பழகியவர்கள் நிறையப் பேர் வருவதால் புதியவருக்கு இடம் கிடைக்க நாள் எடுக்கும். பெண்கள் பக்கம் அப்படியில்லை. என் பற்ச்சில் அணிக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் கம்பஸில்தான் முதல்முதலாக பாஸ்கட்போலைப் பிடித்தவர்கள். அவர்களில் ஒருத்தி மூன்றாம் வருடம் அணித்தலைவி.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலாம் வருடத்தின் முதல் மாதத்திலேயே உடற்கல்விப் பிரிவுக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். செலக்‌ஷன் அறிவித்தல் ஒட்டும்வரை காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும்.

நான் ஸ்கூல் நெற்போல் டீமில் கோல் ஷூட்டர். பாஸ்கட்போலுக்கு மாறினால் எல்லாம் முதலில் இருந்தா?

என்னிடம் ஆகக் கூடுதலாக வரும் கேள்வி இது. நானும் அப்படி வந்தவள்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை. நெற்போலில் பந்தை மூன்று செக்கனுக்குள் விட வேண்டும், அதனால் கை வேகமாக இருக்கும். துள்ளிப் பிடித்து ஒரு காலில் இறங்கி நிலை தவறாமல் நிற்கத் தெரியும். ஆளைப் பார்க்காமல் ஆள் போகப்போகும் வெற்றிடத்துக்குப் பந்து போடத் தெரியும். இந்த மூன்றையும் புதியவர்களுக்குப் பழக்க பாஸ்கட்போல் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

மறக்க வேண்டியவையும் உண்டு. முதலாவது, பந்து கைக்கு வந்ததும் உறைந்து நிற்பது. முதல் ஆறு மாதம் என்னை எல்லோரும் 'சிலை' என்றுதான் கூப்பிட்டார்கள். முன்னால் வெளி கிடந்தாலும் தட்டிக்கொண்டு ஓடத் தோன்றாது. இரண்டாவது, தடுக்கும்போது விலகி நிற்பது. நெற்போலில் பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். இங்கே அவ்வளவு தள்ளி நின்றால் எதிராளி நிதானமாகக் குறி பார்த்து எறிந்துவிட்டுப் போவாள். மூன்றாவது, எறிந்துவிட்டு வேடிக்கை பார்ப்பது. பலகையில் பட்டுத் திரும்பும் பந்துக்குப் பாய வேண்டும்.

எறிதலும் மாறும். நெற்போலில் தலைக்கு மேல் உயரத் தூக்கி வளையத்துக்கு நேரே இறக்குவீர்கள். அந்த வளைவை விட்டுவிடாதீர்கள், அது சொத்து. பக்கத்திலிருந்து எறியும்போது மட்டும் பலகையின் சதுரத்தைக் குறி பார்க்கப் பழகுங்கள். அப்புறம், வீட்டில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் இடது கையால் பந்தைத் தட்டுங்கள். அயலவர்கள் ஏசுவார்கள், பரவாயில்லை.

என் உயரம் ஐந்தடி. வீணாகப் போய் அவமானப்படவா?

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏயில் மக்ஸி போக்ஸ் என்பவர் 1.60 மீற்றர் உயரத்தோடு பதினான்கு பருவங்கள் ஆடினார். ஐந்தடி மூன்று அங்குலம்தான். ஒருவரைக் காட்டி எல்லோரையும் தேற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். உயரம் உதவும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரத்தில் நின்று நெற்போலில் இலங்கைக்காக என்ன செய்தார் என்று பார்த்தவர்கள்தானே நாங்கள். ஆனால் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்ட் இடத்துக்கு உயரத்தைவிடக் கையும் கண்ணும் வேண்டும். கம்பஸ் மட்டத்தில் அந்த இடத்துக்குத்தான் ஆள் பஞ்சம்.

பாஸ்கட்போல் நல்லா விளையாடினால் கம்பஸ் கிடைக்குமா?

பெரும்பாலானோருக்கு இல்லை. அனுமதி ஏ.எல் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் இசட் ஸ்கோரில்தான். இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது வழமையான பங்கீடு. திருகோணமலை அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தனியாகச் சில இடங்கள் வைத்திருக்கிறது. அதற்கும் ஏ.எல் அடிப்படைத் தகுதி வேண்டும். மாகாணச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க வேண்டாம்.

விளையாட்டையே படிப்பாக எடுக்க நினைப்பவர்கள் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்புகளைப் பாருங்கள். ஆணைக்குழுவின் கைநூலில் விவரம் இருக்கும். மற்றவர்கள் படிப்பால் உள்ளே போய் விளையாட்டால் நிலைத்து நிற்பதுதான் வழி.

மகள் பயிற்சி முடிந்து இருட்ட முதல் விடுதிக்கு வந்துவிடுவாளா? எத்தனை மணிக்கு விடுவார்கள்?

இது அம்மாமாரின் கேள்வி. நேர்மையாகச் சொன்னால் அது கோர்ட் யார் கையில் என்பதைப் பொறுத்தது. நான் படித்த இடத்தில் கோர்ட் ஒன்று, அணி இரண்டு. விரிவுரை நான்கு மணிக்கு முடியும். நான்கிலிருந்து ஆறுவரை ஆண்கள். எங்களுக்குத் தந்தது இரண்டரையிலிருந்து நான்கு, அதாவது விரிவுரை இருக்கும் நேரம். இல்லாவிட்டால் ஆறுக்குப் பிறகு. நவம்பர், டிசம்பரில் எங்கள் பக்கம் ஐந்தே முக்காலுக்கே பொழுது பட்டுவிடும். ஆறுக்குப் பிறகு எந்தப் பெண் பிள்ளை வருவாள்? 'பெண்களுக்கு ஆர்வம் இல்லை, கோர்ட்டுக்கே வருவதில்லை' என்று பதிவில் எழுதினார்கள். அந்த வரியை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

மாற்றம் பெரிய போராட்டத்தால் வரவில்லை. வரவுப் பதிவில் நேரத்தையும் சேர்த்து ஒரு மாதம் எழுதினோம். அதை விளையாட்டுப் போதனாசிரியரிடம் காட்டியபோது அவருக்கே சங்கடமாகிவிட்டது. திங்கள், புதன் நான்கு மணி எங்களுக்கு, செவ்வாய், வியாழன் ஆண்களுக்கு, வெள்ளி ஆளுக்குப் பாதிக் கோர்ட் என்று முடிவானது. வந்தவர்களின் எண்ணிக்கை ஒரே பருவத்தில் ஆறிலிருந்து பதினான்கானது. ஆகவே அம்மா, கம்பஸுக்குப் போகும் மகளிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள்: பெண்களுக்கு நான்கு மணி கிழமையில் எத்தனை நாள்?

ஹிஜாப் போட்டுக்கொண்டு விளையாட விடுவார்களா?

விடுவார்கள், அது விதியிலேயே இருக்கிறது. முன்பு தடை இருந்தது. 2014இல் இன்சியன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆடாமலே விலகியது. பிறகு சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் விதியை மாற்றி, 2017 ஒக்டோபர் முதல் தலைமூடியை அனுமதித்தது. கறுப்பு, வெள்ளை அல்லது ஜேர்சியின் பிரதான நிறமாக இருக்க வேண்டும். அணியில் போடுபவர்கள் எல்லோரும் ஒரே நிறம் போட வேண்டும். முகத்தை மூடக்கூடாது, ஊசியோ தொங்கும் நுனியோ இருக்கக்கூடாது. முழுக்கை உள்சட்டை, நீள டைட்ஸ் போடவும் முடியும், அவற்றுக்கும் ஒரே நிறம் என்ற விதிதான்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதைத் தெரியாமலே பின்வாங்குகிறார்கள். உள்ளூர்ப் போட்டியில் நடுவர் ஆட்சேபித்தால் அணித்தலைவி மேலே சொன்னதை எடுத்துச் சொல்லட்டும். நிறத்தை மட்டும் ஆட்டத்துக்கு முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

சீனியர்மார் டீமில் பகிடிவதை செய்வார்களா?

பந்து பொறுக்குவது, தண்ணீர்ப் போத்தல் தூக்குவது எல்லா அணியிலும் உண்டு, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அவமானப்படுத்துவதும் அடிப்பதும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். 'டீம் ஒழுக்கம்' என்று பெயர் வைத்தாலும் குற்றம் குற்றம்தான். போதனாசிரியரிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

மாரியில் என்ன செய்வது? கோர்ட் முழுக்கத் தண்ணி.

ஒன்றும் செய்ய முடியாது, துடைக்கலாம். ஈரச் சீமெந்தில் ஓட வேண்டாம். படிக்கட்டு ஏறுவது, சுவரில் பாஸ் அடிப்பது, விதிப் புத்தகம் வாசிப்பது எல்லாம் அப்போதுதான். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று அடிக்கும்போது வேறு தொல்லை: தூரத்திலிருந்து எறிந்த பந்து வேறு முகவரிக்குப் போகும். கச்சான் காலத்தில் உள்ளே புகுந்து, வளையத்துக்குக் கிட்டப் போய் லே-அப் போடுங்கள்.

பெண்களுக்கு முழங்கால் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

பயமுறுத்துவதற்குச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவது, ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக நடக்கிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, துள்ளி இறங்கும்போது அல்லது சட்டென்று திரும்பும்போது கிழியும். இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாய்வதுதான் கவனிக்க வேண்டியது.

பழகினால் குறைக்கலாம். இரண்டு காலிலும் மெத்தென்று, முழங்காலை மடித்து இறங்குவது, ஒற்றைக் காலில் சமநிலை, பின்தொடைக்கு வலு. பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம் போதும். ஆண்கள் அணியின் பயிற்சித் திட்டத்தை அப்படியே பெண்களுக்குக் கொடுக்கும் இடங்களில் இந்தப் பதினைந்து நிமிடம்தான் காணாமல் போகிறது. ஒற்றைக் காலில் இறங்கிப் பழகிய நெற்போல்காரிகள் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள்.

பரீட்சையும் போட்டியும் ஒரே கிழமை வந்தால்?

பரீட்சை. வரவு 80 வீதம் கேட்கும் பீடங்களில் போட்டிக்குப் போன நாளுக்குக் கடிதம் வாங்கி முன்கூட்டியே கொடுங்கள், பிறகு கொண்டுபோனால் யாரும் பார்க்க மாட்டார்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பெரிய விளையாட்டு விழா மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். உங்கள் படிப்புக் காலத்தில் அது எந்த வருடம் விழுகிறது என்று முதலே பார்த்துவையுங்கள். வர்ண விருதுக்கு ஆசைப்படுபவர்களுக்கு இது முக்கியம்.

எங்கட கம்பஸில் பெண்கள் ஐந்து பேர்கூடச் சேரவில்லை. அணியே இல்லை என்று விட வேண்டியதுதானா?

விதியைப் பாருங்கள். தொடங்க ஐந்து பேர் வேண்டும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐவரும் வராவிட்டால் 20க்கு 0 என்று எதிரணிக்கு வெற்றி. தொடங்கிய பிறகு பவுலாலோ காயத்தாலோ ஆட்கள் குறைந்தால், இருவர் மிஞ்சும்வரை ஆட்டம் நடக்கும். நாங்கள் ஒருமுறை மூன்று பேரோடு கடைசி நான்கு நிமிடம் ஆடினோம். தோற்றோம், ஆனால் அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறோம்.

அதைவிட நல்ல வழி மூவர் ஆட்டம். மூன்று பேர், மாற்றுக்கு ஒருவர், அரை மைதானம், ஒரு வளையம். பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்த்த ஆட்டம் இது, யாரும் இளக்காரமாகச் சொல்ல முடியாது. நான்கு பேர் இருந்தால் உங்களிடம் அணி இருக்கிறது.

அமெரிக்காவில் பாஸ்கட்போல் ஆடினால் கம்பஸ் படிப்பு இலவசமாமே? மகனை அனுப்பலாமா?

இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை. அங்கே கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவாக நடக்கிறது. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுப் புலமைப்பரிசில் உண்டு. மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்ட் இருக்கும் ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. 'அமெரிக்கக் கம்பஸ் கோச் கூப்பிடுகிறார், முற்பணம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

எல்லோரும் மகனைப் பற்றியே கேட்கிறார்கள். 1972இல் அங்கே டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனம் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். பெண்கள் அணிகளுக்கும் புலமைப்பரிசில் பெருகியது அதன் பிறகுதான். ஆகவே மகளையும் கேளுங்கள்.

டிவியில் பார்த்தேன், அமெரிக்கக் கம்பஸ் ஆட்டத்தில் இரண்டு பாதிதான். நீங்கள் நான்கு கால்பகுதி என்கிறீர்களே?

நீங்கள் பார்த்தது ஆண்கள் ஆட்டம். அங்கே கல்லூரி ஆண்கள் இன்னும் 20 நிமிடப்படி இரண்டு பாதி ஆடுகிறார்கள். கல்லூரிப் பெண்கள் 2015இலேயே நான்கு கால்பகுதிக்கு மாறிவிட்டார்கள். எறியும் கடிகாரமும் அங்கே 30 செக்கன். இங்கே நாங்கள் ஆடுவது சர்வதேச விதி, இரண்டாவது பதிலில் சொன்னதுதான்.

சரி, பெண்கள் பாஸ்கட்போலை யார் பார்க்கிறார்கள்?

இதைக் கேட்ட மாமாவுக்கு நான் சொன்ன பதில்: 2024இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் 1 கோடி 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதே வருட ஆண்கள் இறுதியாட்டத்துக்கு 1 கோடி 50 இலட்சம்கூட வரவில்லை. மாமா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, 'அது அமெரிக்கா' என்றார். அதுவும் சரிதான். எங்கள் ஆட்டத்தை விடுதிப் பிள்ளைகளும் இரண்டு நாய்களும் பார்த்தார்கள்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிற்சி செய்யலாமா? அப்போது எந்தப் பந்து?

செய்யலாம். போட்டிக்கு முதல் மாதம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். வேகமான ஆண்களைத் தடுத்துப் பழகியபின் பெண்கள் அணிகள் மெதுவாகத் தெரிந்தன. பெண்களோடு ஆடியபின் ஆண்கள் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள், அதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். முட்டி மோதும் பயிற்சியை மட்டும் தனித்தனியாக வையுங்கள்.

பந்து விஷயத்தில் எறிதல் பயிற்சிக்கு அவரவர் பந்து, விட்டுக்கொடுக்காதீர்கள். சேர்ந்து ஆடும்போது மூவர் ஆட்டப் பந்து கிடைத்தால் நல்லது. அது 6ஆம் இலக்க அளவில் 7ஆம் இலக்க நிறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றே. கிடைக்காவிட்டால் ஒரு நாள் 7, ஒரு நாள் 6. ஆண்கள் 6ஐ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சின்னப் பந்தில் லேசாக விழும் என்ற நினைப்பு. நாங்கள் எங்கள் பந்துகளில் காற்றுத் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்தோம். ஒரு மாதத்தில் அழிந்துவிடும், திரும்ப வைக்க வேண்டும்.